ரத்தச் சர்க்கரை கூடுதலாக வந்திருக்கிறது: அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 118 என்று ரிப்போர்ட் வருகிறது. பக்கத்தில் ‘அதிகம்’ என்று ஒரு குறி. அதைப் பார்த்ததும் சிலருக்குக் கை கால் ஓடாது. அன்றிரவே இணையத்தைத் துழாவி, கண் போகும், சிறுநீரகம் போகும் என்றெல்லாம் படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடப்பார்கள். வேறு சிலர், “உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, பார்டர்லைன்தானே” என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அடுத்த நாலைந்து வருடம் லேப் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள்.

இவர்களில் இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பயந்தவர் எப்படியும் ஒரு மருத்துவரிடம் போய் நின்றுவிடுவார். மடித்து வைத்தவரோ, நிலைமையைத் திருப்புவதற்கு எளிதான வருடங்களைக் கைநழுவ விடுகிறார். அது ஏன் என்று புரிய, அந்த எண் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எண் எதை அளக்கிறது

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டரில், 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்தால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு வேளைச் சாப்பாட்டில் அதைப் போல் பத்துப் பதினைந்து மடங்கு மாவுச்சத்து உள்ளே போகிறது. அப்படியிருந்தும் ஆரோக்கியமான உடம்பில் சர்க்கரை சற்று நேரம் உயர்ந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

சாப்பிட்டதும் கணையத்திலுள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அது தசைகளைக் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளச் செய்கிறது. கல்லீரலைச் சேமித்து வைக்கச் செய்கிறது. சாப்பாட்டுக்கு நடுவிலும் இரவு முழுவதும் வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. மூளைக்கு இடைவிடாமல் குளுக்கோஸ் வேண்டும் என்பதால் கல்லீரல் தன் இருப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. எவ்வளவு விடலாம் என்பதற்கு அளவு வைப்பதும் இன்சுலின்தான்.

காலை வெறும் வயிற்றில் எடுக்கும் எண் பெரும்பாலும் கல்லீரல் இரவெல்லாம் எவ்வளவு விட்டது என்பதைக் காட்டுகிறது. சாப்பிட்டபின் எடுக்கும் எண், வந்த சர்க்கரையைக் கணையமும் தசையும் எவ்வளவு வேகமாகக் கையாண்டன என்பதைக் காட்டுகிறது. “நேற்று ராத்திரி கொஞ்சம் இனிப்பு சாப்பிட்டேன், அதனால்தான் காலையில் கூடியிருக்கும்” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருந்த பிறகும் எண் உயர்ந்தே இருந்தால், முந்தின நாள் இனிப்பு மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் சரியாகக் கேட்கவில்லை என்பதன் தடயம் அது.

இன்சுலின் இருந்தும் உறுப்புகள் அதற்கு மந்தமாகவே இணங்குவதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் வாழ்க்கை, பரம்பரை, வயது எல்லாம் அதற்குப் பங்களிக்கின்றன. தொடக்கத்தில் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும்; பல வருடம் ரிப்போர்ட் சரியாகவே வரும். பீட்டா செல்கள் களைத்துப் பின்தங்கத் தொடங்கும்போதுதான் எண் மேலே ஏறுகிறது. 118 என்பது கதையின் முதல் வரி போலத் தெரிந்தாலும், உடம்புக்குள் அது நடுப்பக்கம்.

எல்லைக் கோடுகள்

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோல்படி, குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுத்த சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. இரண்டாவது சோதனையில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். அதில் 140-க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200-இலிருந்து நீரிழிவு. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி-யில் 5.7 சதவீதத்துக்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5-இலிருந்து நீரிழிவு. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு போன்ற அறிகுறிகளோடு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200-உம் அதற்கு மேலும் வந்தால் அதுவே நீரிழிவுக்குப் போதிய சான்று.

உலகச் சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் முந்தைய நிலையை 110-இலிருந்துதான் கணக்கிடுகிறது. அதனால் 104 என்ற ஒரே எண்ணை ஒரு மருத்துவர் “இயல்பு” என்றும் இன்னொருவர் “கவனிக்க வேண்டும்” என்றும் சொல்லக்கூடும். இருவரும் தவறில்லை; கையிலிருக்கும் அளவுகோல் வேறு.

அலகையும் பாருங்கள். பல நாடுகளில் மில்லிகிராமுக்குப் பதிலாக மில்லிமோல் கணக்கில் ரிப்போர்ட் தருகிறார்கள். அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும்: 7.0 என்றால் 126. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.5 மில்லிமோல் என்றால் அது 117, முந்தைய நிலை. ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் என்றால் நீரிழிவு. எண் ஒன்றுதான், அளப்பது வேறு. ரிப்போர்ட்டைப் புகைப்படம் எடுத்து உறவினருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பவர்கள், சோதனையின் பெயரும் அலகும் தெரியும்படி அனுப்புவது நல்லது.

126 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1997 வரை வெறும் வயிற்றில் 140 என்பதே நீரிழிவின் எல்லையாக இருந்தது. வெவ்வேறு மக்கள் கூட்டங்களில் சர்க்கரை அளவையும் விழித்திரைப் பாதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 140-க்கு வெகு முன்பே பாதிப்பு ஏறத் தொடங்குவது தெரிந்தது. அந்த வருடம் எல்லை 126-க்கு இறங்கியது. கண்ணிலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்களுக்கு ஆபத்து கூடும் இடத்தைப் பார்த்து மனிதர்கள் போட்ட கோடு அது. 125-இல் பத்திரமாக இருந்தவர் 126-இல் திடீரென்று நோயாளி ஆகிவிடுவதில்லை. இதய நோய், பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்தும் கோட்டுக்காகக் காத்திருப்பதில்லை. முந்தைய நிலையிலேயே அது இயல்பானவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது.

ஒரே ஒரு எண்ணை நம்பலாமா?

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்டுவதில்லை. நீரிழிவு எல்லையில் இரண்டு முடிவுகள் வேண்டும். ஒரே நாளில் எடுத்த ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி இரண்டுமே எல்லையைத் தாண்டியிருந்தால் போதும். ஒன்று மட்டும் தாண்டியிருந்தால், தாண்டிய சோதனையையே இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். எந்த மாற்றமும் இல்லாத ஒரே ஆளுக்கே வெறும் வயிற்றுச் சர்க்கரை நாளுக்கு நாள் ஐந்தாறு சதவீதம் கூடிக் குறையும். இன்று 118 என்றால் அடுத்த வாரம் 112-ஆகவோ 124-ஆகவோ வருவது இயல்பான ஆட்டம்தான். “ஆறு குறைந்துவிட்டது” என்று கொண்டாடவும், “ஆறு கூடிவிட்டது” என்று ஒடிந்துபோகவும் அதில் ஒன்றுமில்லை.

வீட்டிலுள்ள குளுக்கோமீட்டர் இன்னும் கொஞ்சம் தள்ளாடும். அந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் 100-க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டுவதை அனுமதிக்கிறது. உண்மையான சர்க்கரை 120 என்றால் திரையில் 102-உம் வரலாம், 138-உம் வரலாம். பழத்தை உரித்த கையோடு விரலில் குத்தினால் ஒட்டியிருக்கும் சாறே எண்ணைத் தூக்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். காலாவதியான ஸ்ட்ரிப், மூடி திறந்தே கிடந்த டப்பா ஆகியவற்றையும் நம்ப முடியாது. நீரிழிவு உள்ளவர் தினசரிப் போக்கைப் பார்ப்பதற்குக் குளுக்கோமீட்டர் அருமையான கருவி. நீரிழிவு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க, லேபில் கை நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தம்தான் வேண்டும்.

லேபிலும் தவறு நேரலாம், பெரும்பாலும் எதிர்த்திசையில். எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் அதிலுள்ள செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை இறங்கும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு கலந்த தனிக் குழாயில் எடுக்கிறார்கள். அதுவும் உடனே முழுவதுமாகத் தடுத்துவிடாது. மாதிரியை வீட்டில் வந்து வாங்கிப்போய் வெகுநேரம் கழித்துச் சோதித்தால், உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் வாய்ப்பு உண்டு.

அடுத்து, அந்த நாளில் உடம்பு எப்படி இருந்தது என்ற கேள்வி. கடும் காய்ச்சல், தொற்று, மாரடைப்பு, அறுவைசிகிச்சை போன்ற நேரங்களில் உடம்பு கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டுகிறது. அவை சர்க்கரையை மேலே தள்ளும். வேறு ஏதோ நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு 190 வந்து, குணமானபின் 98-க்கு இறங்குவது உண்டு. அப்போதும் “அது சும்மா ஸ்ட்ரெஸ்” என்று மறந்துவிடக் கூடாது. நெருக்கடியில் அப்படி ஏறியவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தேறியபின் மறுபடி சோதித்தே ஆக வேண்டும்.

மருந்துகளில் முதலில் விசாரிக்க வேண்டியது ஸ்டீராய்டு. ஆஸ்துமா, தோல் நோய், மூட்டுவலி என்று பலவற்றுக்கும் அது கொடுக்கப்படுகிறது. மூட்டுக்குள் போடும் ஊசியிலும் அது இருக்கலாம். காலையில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருந்துகொண்டே மதியத்துக்கு மேல் ஏறிப்போகும். மனநோய்க்கான சில மருந்துகளும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு வகை நீர் மாத்திரைகளும் சர்க்கரையைக் கூட்டக்கூடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையால் சிறிதளவு கூடலாம். ஆனால் தேவையுள்ளவருக்கு இதயத்துக்கு அது தரும் நன்மை அதைவிடப் பெரியது. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, ஸ்டீராய்டை நிச்சயமாகக் கூடாது. மாத்திரைப் பட்டியலை மருத்துவர் முன்னால் வைத்தால் போதும்.

குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு, பலருக்குச் சொல்லப்படுவதில்லை. அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். “டெஸ்ட் வருகிறதே” என்று மாவுச்சத்தை அறவே ஒதுக்கிவிட்டுப் போனால், திடீரென்று வரும் 75 கிராமைக் கையாள உடம்பு தடுமாறி, இல்லாத கோளாறு இருப்பதுபோல் காட்டிவிடும்.

மூன்று மாதச் சராசரி

ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினோடு மெல்ல ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை எவ்வளவு அதிகமோ ஒட்டுவதும் அவ்வளவு அதிகம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் போக்கு தெரிந்துவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர் 1960-களின் இறுதியில் கண்டறிந்தார். 6 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 126, 7 என்றால் 154, 8 என்றால் 183. எல்லா மாதத்துக்கும் சம பங்கு இல்லை. கடைசி ஒரு மாதத்தின் பாதிப்புதான் இதில் பாதியளவு.

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்றவும் முடியாது என்பதால் இதைப் பலர் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சிவப்பணுவின் ஆயுளை மாற்றும் எதுவும் இந்த எண்ணையும் மாற்றிவிடும். இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் ரத்தசோகையில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தம் இழந்தவர்களுக்கும், அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும், சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைந்துபோகிறவர்களுக்கும் குறைவாகக் காட்டக்கூடும். பிறவியிலேயே ஹீமோகுளோபின் வகை மாறியிருப்பவர்கள், முற்றிய சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் இந்த எண் பொருந்தாமல் போகலாம். ஆகவே ஹெச்பிஏ1சி-யைப் பார்க்கும்போது பக்கத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். வெறும் வயிற்றில் 95, ஹெச்பிஏ1சி 6.1, ஹீமோகுளோபின் 8 என்று இருந்தால், சர்க்கரையைப் பற்றிப் பேசுமுன் ரத்தசோகையைப் பற்றிப் பேச வேண்டும்.

எந்தக் காரணமும் இல்லாமலேயே இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகாமல் இருப்பதும் சகஜம். வெறும் வயிற்று எண் கல்லீரலையும், சாப்பிட்டபின் வரும் எண் தசையையும் கணையத்தையும் அதிகம் காட்டுகின்றன என்று பார்த்தோம். ஒருவருக்கு முதலில் ஒன்று கெடலாம், இன்னொருவருக்கு மற்றது. வெறும் வயிற்றில் 96 வந்ததை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவருக்கு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 170 வரலாம். குடும்பத்தில் நீரிழிவு, பெருத்த இடுப்பு என்று ஆபத்துக் காரணங்கள் இருந்தால் ஒரே சோதனையோடு நின்றுவிட வேண்டாம் என்பது இதனால்தான்.

உடம்பு ஏன் சொல்வதில்லை

“எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்பவர்களுக்குப் பதில் சிறுநீரகத்தில் இருக்கிறது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது குளுக்கோஸும் வடிந்துவிடும். ஆனால் அதை வீணாக்காமல் முழுவதையும் ரத்தத்துக்குள்ளேயே திருப்பி இழுத்துக்கொள்ளும். இந்தத் திறனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது ஏறக்குறைய 180. ரத்தச் சர்க்கரை அதைத் தாண்டும்போதுதான் மிஞ்சியது சிறுநீரில் வழிகிறது. வழியும் சர்க்கரை தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதனால்தான் தாகம், அதனால்தான் சாப்பிட்டும் இளைப்பது.

இப்போது 118-ஐயும் 140-ஐயும் 160-ஐயும் நினைத்துப் பாருங்கள். எல்லாமே 180-க்குக் கீழே. சர்க்கரை கண்ணையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் மெல்ல அரித்துக்கொண்டிருக்கக்கூடிய அளவு வந்தாயிற்று; தாகம் எடுக்கிற அளவு வரவில்லை. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு (இதுவரை பேசிவந்த, இன்சுலின் எதிர்ப்போடு வரும் வகை) என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைச் சோதித்தபோது பலருக்கும் ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருந்தது. பீட்டா செல்களின் செயல்திறனிலும் ஏறக்குறைய பாதி அதற்குள் போயிருந்தது. ரிப்போர்ட்டை மடித்து வைத்தவரைப் பற்றி நான் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான். இந்தக் கட்டத்தில் உடம்பு குரல் கொடுக்காது. ரத்தச் சோதனை மட்டும்தான் பேசும்.

யாருக்கு ஆபத்து அதிகம்

ஒரே 118 எல்லாருக்கும் ஒரே அர்த்தம் தருவதில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நீரிழிவு இருந்தால் ஆபத்து கூடுகிறது. இடுப்புச் சுற்றளவு எடையைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் இன்சுலின் எதிர்ப்பின் முக்கியக் கூட்டாளி. தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பதே எச்சரிக்கை அளவு. உடல் நிறை எண்ணிலும் மற்றவர்களுக்கு 25 என்றால் ஆசியர்களுக்கு 23-இலிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள். பார்வைக்கு ஒல்லியாக இருந்துகொண்டு வயிறு மட்டும் தள்ளியிருப்பவர் “நான் குண்டாகவே இல்லையே” என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிப்போன பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும், அதன்பின் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுவதும் சோதிக்க வேண்டும் என்பது பரிந்துரை. குழந்தையைக் கவனிக்கும் அலைச்சலில் தாயின் சோதனை விட்டுப்போகிறது. வீட்டிலுள்ள மற்றவர்கள் நினைவுபடுத்த வேண்டிய விஷயம் இது. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு மிகுதி, கல்லீரலில் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை, புகைப்பழக்கம் எல்லாமே தராசில் எடை சேர்ப்பவை.

முந்தைய நிலையில் இருப்பவர்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் பேர் நீரிழிவுக்குப் போகிறார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் இயல்புக்குத் திரும்பவும் செய்கிறார்கள்.

என்ன செய்தால் பலன்

இது வெறும் அறிவுரையாக நிற்காமல், சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம் என்பதுதான் ஆறுதல். சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வு, பின்லாந்தில் 2001-இல் முடிவு வெளியான ஆய்வு, அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டின. அமெரிக்க ஆய்வில் இலக்கு இரண்டுதான்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பு. ஏறக்குறைய மூன்று வருடத்தில் இந்த இலக்கோடு இருந்த குழுவில் நீரிழிவு வந்தவர்கள், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த குழுவைவிட 58 சதவீதம் குறைவு. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம் குறைவு. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ சொச்சம். எட்டாக்கனி இல்லை.

உழைப்பு ஏன் இவ்வளவு உதவுகிறது என்று தெரிந்தால் செய்யும் ஆர்வம் கூடும். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு இணங்காத தசையும் வேலை கொடுத்தால் இணங்கும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே அந்த வேளைச் சர்க்கரை ஏற்றம் தணிகிறது. உழைப்பு முடிந்தபின்னும் ஒரு நாளுக்கு மேல் தசையின் இணக்கம் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக நடப்பதைவிட, தொடர்ந்து இரண்டு நாள் விட்டுவிடாமல் நடப்பது நல்லது என்கிறார்கள். எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் குளுக்கோஸ் போய்ச் சேரும் தசையின் அளவே கூடும்.

சாப்பாட்டில் சர்க்கரையை மட்டும் விரோதியாக்கி, மாவுச்சத்தை மறந்துவிடுகிறோம். செரித்தபின் மாவுச்சத்தும் குளுக்கோஸ்தான். தட்டில் தானியத்தின் பங்கைக் குறைத்து, காய்கறியையும் புரதத்தையும் கூட்டுவது அடிப்படை. இனிப்புப் பானங்கள், பழச்சாறு உட்பட, முதலில் வெளியேற வேண்டியவை. பழமாகக் கடித்துத் தின்றால் அந்தப் பிரச்சினை பெருமளவு இல்லை. ஒரே ஒரு உணவுப்பொருளைத் தின்றால் சர்க்கரை ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தூக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சில இரவுகள் சரியாகத் தூங்காமலிருந்தாலே இன்சுலினுக்கு இணங்கும் தன்மை குறைகிறது.

முந்தைய நிலையில் எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. 60 வயதுக்குக் கீழே, உடல் பருமன் மிக அதிகம், கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது போன்ற நிலையில் மெட்ஃபார்மினை மருத்துவர் யோசிப்பார். நீரிழிவு என்றே உறுதியானாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. நீரிழிவு தொடங்கி ஆறு வருடம் தாண்டாதவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருத்துவக் கண்காணிப்போடு எடையைக் கணிசமாகக் குறைத்த குழுவில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் மாத்திரை இல்லாமலேயே ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்திருந்தது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மேலே சொன்ன நிதானமெல்லாம் அறிகுறி இல்லாத பெரியவர்களுக்கு. ஒரு குழந்தைக்கோ இளைஞருக்கோ அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம், கூடவே சர்க்கரை மிகுதி என்றால் “அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம்” என்ற பேச்சே கூடாது. இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் முதல் வகை நீரிழிவு சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியவை தெரிந்தால் அதே நிமிடம் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதல் வகை பெரியவர்களுக்கும் வரும். ஒல்லியான ஒருவருக்குச் சர்க்கரை மளமளவென்று ஏறினால் அதையும் மனதில் வைத்துச் சோதிக்க வேண்டும். எந்த வயதினருக்கும் எண் 300-ஐத் தாண்டி, உடம்பும் முடியாமல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு எல்லைக் கோடுகளே வேறு. வெறும் வயிற்றில் 92-உம் அதற்கு மேலும் வந்தாலே கர்ப்பகால நீரிழிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 95 வந்த கர்ப்பிணியிடம் “நூறுக்குள்தானே இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

மற்றவர்கள் 35 வயதிலிருந்து, ஆபத்துக் காரணம் இருந்தால் அதற்கும் முன்பே, சோதிக்கத் தொடங்கலாம். இயல்பாக வந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். முந்தைய நிலை என்றால் வருடம் தவறாமல். முடிந்தவரை ஒரே லேபில், ஒரே மாதிரி வெறும் வயிற்று நேரத்தில் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். 88, 93, 97 என்று மூன்று சோதனைகளில் ஏறிவந்தால் மூன்றுமே இயல்பு என்றுதான் தாளில் அச்சாகியிருக்கும், ‘அதிகம்’ என்ற குறி ஒன்றில்கூட இருக்காது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டினால், ஏற்றம் தெரியும். நூறைத் தாண்டும் முன்பே நடக்கத் தொடங்கிவிடலாம்.